விந்தணுவின் டிஎன்ஏவைப் பொதிகிற புரோட்டமினின் வரிசை ஏன் நிலையாக இருப்பதில்லை?

கடற்குதிரை:

செல்லுக்குள் டிஎன்ஏவைச் சுற்றி வைக்கிற புரதம் ஹிஸ்டோன். பட்டாணிச் செடியின் எச்4 ஹிஸ்டோனையும் மாட்டின் எச்4 ஹிஸ்டோனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 102 அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டுதான் வேறு. தாவரமும் விலங்கும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டிஎன்ஏவைச் சுற்றி வைப்பது உயிர் போகிற வேலை, கை வைத்தால் கெட்டுவிடும், அதனால் மாறவில்லை என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

சரி. விந்தணு முதிரும்போது அந்த ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டு, அதே இடத்துக்குப் புரோட்டமின் வருகிறது. வேலை அதேதான், சொல்லப்போனால் இன்னும் கடினம். ஆனால் புரோட்டமின் வரிசை மனிதனுக்கும் எலிக்கும் இடையிலேயே ஏகத்துக்கு மாறிக் கிடக்கிறது. சால்மன் வரை போனால் எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. வரிக்குதிரை மீனில் புரோட்டமினே கிடையாது, ஹிஸ்டோனை வைத்தே காலத்தை ஓட்டுகிறது.

முக்கியமான புரதம் என்றால் மாறக் கூடாது. மாறுகிறது என்றால் முக்கியமில்லை. இரண்டில் எது?

நுண்ணோக்கி:

அமைப்பிலிருந்து வருவோம், பாதிக் கேள்வி அங்கேயே கரைந்துவிடும்.

ஹிஸ்டோன் எட்டு சேர்ந்து ஓர் உருளை. அதைச் சுற்றி 147 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளத்துக்கு டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று வருகிறது. அந்த உருளை உருவாக ஹிஸ்டோன்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஓர் அமினோ அமிலம் மாறினால் பக்கத்தில் இருக்கும் புரதத்தோடு உள்ள பொருத்தமே போய்விடலாம். புரோட்டமினுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தனியாக விட்டால் அதற்கென்று ஒரு வடிவமே இல்லை, நீரில் தளதளவென்று மிதக்கும். டிஎன்ஏ கிடைத்தால்தான் அதன் பள்ளத்தில் படுத்து ஒட்டிக்கொள்ளும்.

சால்மனின் புரோட்டமின் ஒன்றை அப்படியே வாசிக்கிறேன், கேளுங்கள். முதலில் புரோலின். பிறகு ஆர்ஜினின் நான்கு. செரின் மூன்று. ஆர்ஜினின் ஒன்று. புரோலின், வாலின். ஆர்ஜினின் ஐந்து. புரோலின். ஆர்ஜினின் ஒன்று. வாலின், செரின். ஆர்ஜினின் ஆறு. கிளைசின் இரண்டு. கடைசியில் ஆர்ஜினின் நான்கு. அவ்வளவுதான், மொத்தம் 32. அதில் ஆர்ஜினின் மட்டும் 21.

இப்போது டிஎன்ஏ பக்கம் வாருங்கள். இரட்டைச் சுருள் ஒரு சுற்று முடிக்கப் பத்தரை இணைகள் ஆகும். இணைக்கு இரண்டு பாஸ்பேட், ஆக ஒரு சுற்றில் எதிர்மின்னூட்டம் 21. அந்தப் புரோட்டமினில் நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினின்களும் 21. இவ்வளவு அழகாகப் பொருந்துவதில் கொஞ்சம் தற்செயலும் இருக்கலாம் (மனிதனின் புரோட்டமின் 1இல் 50க்கு 24 ஆர்ஜினின்). ஆனாலும் வேலை என்னவென்று இது காட்டிக்கொடுத்துவிடுகிறது: டிஎன்ஏ இழைகள் ஒன்றையொன்று தள்ளிவிடக் காரணமான மின்னூட்டத்தை அணைத்துவிடுவது. தள்ளுதல் நின்றதும் இழை தானாகவே சுருண்டு, சுருட்டி வைத்த கயிறு மாதிரி வளையம் வளையமாக அடுக்கிக்கொள்கிறது. ஒரு வளையத்தில் சுமார் 50,000 இணைகள் அடங்கும். மனித விந்தணு ஒன்றில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் டிஎன்ஏ. அது சில மைக்ரோமீட்டர் அளவுள்ள தலைக்குள் போவது இப்படித்தான்.

பழைய குடுவை:

நடுவில் ஒரு குறுக்குச்சால். இது 1874லேயே கண்டுபிடித்த பொருள். சீழ்ச் செல்களிலிருந்து நியூக்ளினை (டிஎன்ஏவின் பழைய பெயர்) பிரித்த அதே சுவிஸ் விஞ்ஞானி மீஷர்தான், பிறகு பாசலில் ரைன் ஆற்றுச் சால்மனின் விந்தை எடுத்து இதைப் பிரித்தார். அப்புறம் ஜெர்மன் வேதியியலாளர் கோசல் வந்து அதில் ஆர்ஜினின் குவிந்து கிடப்பதைக் காட்டினார். ஹிஸ்டிடினைக்கூட 1896இல் அவர் ஸ்டர்ஜன் மீனின் புரோட்டமினிலிருந்துதான் பிரித்தார். 1910இல் நோபல் பரிசு.

மருந்துக்கடையில் இருக்கும் என்பிஎச் இன்சுலினில் நடுவில் நிற்கிற 'பி' இந்தப் புரோட்டமின்தான். இன்சுலினோடு ஒட்டிக்கொண்டு அதை மெதுவாக விடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்க ஊசி போடுவதும் இதைத்தான். ஹெப்பாரினும் எதிர்மின்னூட்டம் கொழிக்கிற இழை, புரோட்டமினுக்கு அது டிஎன்ஏவா வேறொன்றா என்றெல்லாம் கவலை கிடையாது.

கடற்குதிரை:

அந்தக் கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் மின்னூட்டம்தான் வேண்டும் என்றால் லைசினும் நேர்மின்னூட்டம்தானே? ஏன் ஆர்ஜினினையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நுண்ணோக்கி:

லைசினின் நுனியில் ஒரே ஒரு அமீன். ஆர்ஜினினின் நுனியில் மூன்று நைட்ரஜன் உள்ள தட்டையான குவானிடினியம். அது ஒரே நேரத்தில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், பிடி வலுவாக இருக்கும். தவிர, லைசினில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழுவை ஏற்றினால் மின்னூட்டம் போய்விடும். ஹிஸ்டோனைத் தளர்த்தச் செல் செய்வதே அதைத்தான். ஹிஸ்டோன் வெளியேறுவதற்கு முன்னால் எச்4இன் லைசின்களில் அசிட்டைல் அலை அலையாக ஏறுவதைப் பார்க்கலாம். நிரந்தரமாகப் பூட்ட நினைப்பவனுக்கு லைசின் சரிப்படாது.

பூட்டு என்றதும் சிஸ்டீன் நினைவுக்கு வருகிறது. நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் புரோட்டமினில் சிஸ்டீன் உண்டு, மனிதனின் புரோட்டமின் 1இல் ஆறு. விந்தணு விந்தகத்தை விட்டு எபிடிடிமிஸ் (விந்தணு முதிரும் குழாய்) வழியாகப் போகும்போது இவை ஒன்றோடொன்று டைசல்பைடு பாலம் போட்டுப் பொதியை இறுக்கிவிடும். கோழிக்கு இது கிடையாது. கங்காரு வகையறாவிலும் பொதுவாகக் கிடையாது. ஆனால் பிளானிகேல் என்று எலி அளவில் ஒரு பைம்மா இருக்கிறது, அது மட்டும் தனியாகச் சிஸ்டீனைப் பிடித்து வைத்திருக்கிறது. சுறாக்களின் புரோட்டமினிலும் சிஸ்டீன் உண்டு. ஒரே பூட்டைப் பரிணாமம் தனித்தனியாகப் பல முறை கண்டுபிடித்திருக்கிறது.

கிளைமரம்:

அது ஒன்றும் அதிசயமில்லை, நுண்ணோக்கி சார். ஆர்ஜினினைக் குறிக்கும் மூன்றெழுத்து டிஎன்ஏ குறியான சிஜிசியில் முதல் எழுத்து மாறி டிஜிசி ஆனால் சிஸ்டீன். ஒரே எழுத்து. அதுவும் சிக்குப் பின்னால் ஜி வருகிற இடங்களில் பாலூட்டி டிஎன்ஏவில் சி டியாக மாறுவது சாதாரணத்தைவிட அதிகம். ஆர்ஜினின் நிறைந்த மரபணுவில் சிஸ்டீன் தோன்றிக்கொண்டேதான் இருக்கும். அதை இயற்கைத் தேர்வு வைத்துக்கொள்கிறதா, துடைத்துவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

இனி தோற்றம் பற்றி. இந்த விவாத இழையில் எனக்கு ஆசையே இதை எழுதத்தான்.

விந்தணு உட்கருப் புரதங்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். கடல் முள்ளெலி போன்றவற்றில் ஹிஸ்டோனே இருக்கும், ஆனால் எச்1, எச்2பி இரண்டுக்கும் வால் நீண்டிருக்கும். சிப்பி, மட்டி வகைகளில் 'புரோட்டமின் போன்றவை', லைசினும் ஆர்ஜினினும் கலந்து. கணவாய், சால்மன், பாலூட்டி முதலியவற்றில் அசல் புரோட்டமின். இவை தனித்தனி வீட்டுப் பிள்ளைகள் இல்லை, எச்1 ஹிஸ்டோனின் வழிவந்தவை என்று ஹுவான் ஆசியோ குழு நீண்ட காலமாகச் சொல்லி வருகிறது. எச்1 என்பது நியூக்ளியோசோமுக்கு (ஹிஸ்டோன் உருளையும் அதைச் சுற்றிய டிஎன்ஏவும்) வெளியே நின்று இணைப்பு டிஎன்ஏவைப் பிடிக்கிற ஹிஸ்டோன். நடுவில் மடிந்த ஒரு பகுதி, பின்னால் லைசின் கொழிக்கிற நீண்ட வால். சிப்பி வகைகளின் 'புரோட்டமின் போன்ற' புரதம் சிலவற்றில் அந்த நடுப்பகுதி இன்னும் அப்படியே தெரிகிறது.

லைசின் வால் எப்படி ஆர்ஜினின் வால் ஆனது? ஒவ்வொன்றாக மாறியிருந்தால் யுகக்கணக்கில் ஆகும். 2004இல் வந்த விளக்கம் வேறு. காகிதத்தில் எழுதிப் பாருங்கள்:

ஏஏஜி ஏஏஜி ஏஏஜி ஏஏஜி

நான்கும் லைசின். இப்போது முதல் எழுத்தைத் தூக்கிவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்:

ஏஜிஏ ஏஜிஏ ஏஜிஏ ஏஜி...

எல்லாம் ஆர்ஜினின்! ஓர் எழுத்து விழுந்தால் போதும், வால் முழுக்க ஒரே அடியில் மாறிவிடும். வாலுக்கு முன்னால் இருக்கும் மடிந்த பகுதிக்குச் சேதமே இல்லை. கடற்பீச்சிகளில் (ஓரிடத்தில் ஒட்டி வாழும் கடல் விலங்குகள்) சியோனாவின் புரதம் லைசின் பக்கம், ஸ்டைலாவின் புரதம் ஆர்ஜினின் பக்கம். இரண்டையும் ஒப்பிட்டால் இந்த நகர்வின் தடம் தெரிகிறது என்பதுதான் அந்த ஆய்வு.

சந்தேகப்பிராணி:

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எனக்கு மூன்று சிக்கல்.

லைசினுக்கு ஏஏஏ என்ற குறியும் உண்டு. அதை எத்தனை எழுத்து நகர்த்தினாலும் ஏஏஏதான். வாலில் அலனினும் புரோலினும் வேறு விரவிக் கிடக்கின்றன, அவை நகர்ந்தால் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? இது முதலாவது. கடற்பீச்சியில் நடந்ததை வைத்துச் சால்மனிலும் மனிதனிலும் அதுதான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிது: பழ ஈயின் விந்தணுப் புரதங்களுக்கும் எச்1க்கும் சம்பந்தமே இல்லை. அவற்றில் இருப்பது எச்எம்ஜி பெட்டி என்ற வேறொரு குடும்பத்தின் பகுதி. பெயர் மட்டும் புரோட்டமின். ஆக ஒரே மரம் என்ற பேச்சே தப்பு.

கிளைமரம்:

மூன்றாவதை மறுக்கவில்லை. பூச்சிகள் தனிப் பாதையில் வந்து அதே மாதிரி இடத்தை அடைந்தன, எச்1 கதை அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். டிஎன்ஏவைப் பிடிக்கிற எந்தப் புரதத்தையும் எடுத்து மின்னூட்டம் ஏற்றினால் இந்த வேலைக்கு வந்துவிடும் என்றுதானே அர்த்தம்?

முதலாவதற்கு: ஏஏஜி அடுக்கடுக்காக வரும் துண்டு ஒன்று இருந்தால் போதும். மிச்சம் குப்பையாகப் போனாலும் வடிவமில்லாத வாலுக்கு அது பெரிய நஷ்டமில்லை. நடுப்பகுதியில் இதே விபத்து நடந்திருந்தால் அந்தப் புரதம் அன்றோடு முடிந்திருக்கும். இரண்டாவது நியாயமான கேள்வி. முதுகெலும்பிகளில் இடைப்படிகள் அழிந்துவிட்டதால் அங்கே நேரடித் தடம் கிடைக்கவில்லை, அனுமானம்தான்.

கடற்குதிரை:

அப்படியானால் என் முதல் கேள்விக்கு விடை: மின்னூட்டம் காப்பாற்றப்படுகிறது, வரிசை காப்பாற்றப்படவில்லை. சரிதானே?

நுண்ணோக்கி:

பாதி சரி. 2000ஆம் ஆண்டிலேயே இதில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது.

ஒரு கட்சி: மனிதன், குரங்கினங்களின் ஆண் இனப்பெருக்க மரபணுக்களை ஒப்பிட்டு, புரோட்டமின்களில் அமினோ அமிலத்தை மாற்றும் பிறழ்வுகள் மாற்றாதவற்றைவிட மிஞ்சி நிற்கின்றன, எனவே நேர்த்தேர்வு (பயன் தரும் மாற்றத்தை இயற்கை தேர்ந்தெடுப்பது), விந்தணுப் போட்டி வேகமாகத் தள்ளுகிறது என்றது. இன்னொரு கட்சி, பரிணாம ஆய்வாளர் மசாட்டோஷி நெய் உள்ளிட்டவர்கள்: அப்படி எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள், ஆர்ஜினினின் விகிதம் பாலூட்டிகள் முழுக்க ஏறத்தாழ பாதியில் நிற்கிறது. ஓரிடத்தில் ஆர்ஜினின் போனால் வேறோரிடத்தில் வந்து ஈடுகட்டுகிறது. இடம் மாறுகிறதே தவிரத் தொகை மாறவில்லை. இது கெடுதலை நீக்கும் தேர்வுதான், ஆனால் வழக்கத்துக்கு மாறான வகை என்றார்கள்.

என் சாய்வு இரண்டாவது கட்சிக்கு. ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக எண்ணும் கணக்கு, மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிற தேர்வின் முன்னால் தடுமாறத்தான் செய்யும்.

சந்தேகப்பிராணி:

தொகை மட்டும்தான் விஷயம் என்றால் 2023இல் வந்த எலி ஆய்வை எங்கே வைப்பீர்கள்? எலியின் புரோட்டமின் 1இல் 49ஆவது இடத்தில் ஒரு லைசின், விந்தணுவில் அதன்மேல் அசிட்டைல் ஏறுகிறது. அதை அலனினாக மாற்றினார்கள். ஆர்ஜினின் ஒன்றைக்கூடத் தொடவில்லை. விந்தணு வடிவம் கெட்டது, ஹிஸ்டோன் அதிகமாகத் தங்கியது, கருத்தரிப்புத் திறன் குறைந்தது, கருவுற்ற பிறகு தந்தையின் பொதி அவிழும் வேகமும் மாறியது. கொறிவிலங்குகளுக்கு வெளியே அந்த லைசினே கிடையாது. அப்படியானால் தொகைக்கு மேல் ஏதோ இருக்கிறது. அந்த இனத்துக்கென்று அமைந்த, வரிசை சார்ந்த ஏதோ ஒன்று.

நுண்ணோக்கி:

அந்த ஆய்வு என் கட்சிக்கு உறுத்தல்தான். ஆர்ஜினின் தொகை அடித்தளம், அதன்மேல் ஒவ்வொரு கிளையும் தன் நுணுக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது என்று இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈரமணல்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. மனிதனில் புரோட்டமின் 1, 2 இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும், விகிதம் தவறினால் குழந்தையின்மையோடு தொடர்பு என்று படித்தேன். காளையின் விந்தணுவில் புரோட்டமின் 1 மட்டுமே ஆட்சி செய்கிறது என்றும் படித்தேன். காளைக்கு வேண்டாதது மனிதனுக்கு எதற்கு?

கிளைமரம்:

புரோட்டமின் 2 பாலூட்டிகளில்தான் தோன்றியது, சில கிளைகள் அதைக் கைவிட்டுவிட்டன. நீளமான முன்வடிவமாக உருவாகி, பல கட்டமாக நறுக்கப்பட்டு முதிர்கிறது, துத்தநாகத்தையும் பிடிக்கும். அது இருக்கும் இனங்களில் மொத்த அமைப்பும் இரண்டையும் நம்பியே பழகிவிட்டது. அதனால் ஒன்று குறைந்தால் தடுமாறும். இல்லாத இனத்தில் புரோட்டமின் 1 அந்தப் பாரத்தையும் சேர்த்தே சுமக்கும்படி ஆகியிருக்கிறது.

எலியில் ஒரு முரண் உண்டு. 2001இல், இரண்டில் எதன் மரபணுவில் ஒரு பிரதி போனாலும் எலி மலடு என்று வந்தது. பிறகு 2016இல் வேறு முறையில் புரோட்டமின் 2ஐ நீக்கிப் பார்த்தபோது, ஒரு பிரதி இருந்த எலிகள் குட்டி போட்டன, இரண்டும் போனவைதான் மலடாயின. முதல் ஆய்வு மாற்றிய செல்கள் கலந்த எலிகளில் நடந்தது, முறை வேறு. இன்றைக்கு இரண்டாவதைத்தான் நான் நம்புவேன்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். எலியில் புரோட்டமின் 1இன் ஆர்என்ஏ வட்ட விந்துச்செல்லிலேயே (விந்தணுவாக உருமாறும் முன்நிலை) எழுதப்பட்டு ஏறத்தாழ ஒரு வாரம் பூட்டி வைக்கப்படுகிறது. 1995இல் அந்தப் பூட்டைக் கழற்றி முன்கூட்டியே புரதம் உருவாகும்படி செய்தார்கள். உட்கரு காலத்துக்கு முன்பே இறுகி, விந்தணு வளர்ச்சி பாதியில் நின்றுவிட்டது. ஹிஸ்டோன் போய், நடுவில் இடைமாற்றுப் புரதங்கள் வந்து, டிஎன்ஏவில் தற்காலிக வெட்டுகள் விழுந்து முறுக்கு தளர்ந்து, அப்புறம்தான் புரோட்டமின் உட்கார வேண்டும்.

கடற்குதிரை:

வரிக்குதிரை மீனை எல்லோரும் நைசாக மறந்துவிட்டீர்கள்.

கிளைமரம்:

மறக்கவில்லை, பதில் கொஞ்சம் அசிங்கமாக இருப்பதால் தள்ளிப்போட்டேன். மீன்களில் இது இறைத்துவிட்டது போல இருக்கிறது. சால்மனில் புரோட்டமின், கெண்டையிலும் வரிக்குதிரை மீனிலும் ஹிஸ்டோன். தவளைகளிலும் அப்படியே: எருதுத் தவளையில் ஹிஸ்டோன், செனோபஸில் இரண்டுங்கெட்டான், தேரையில் புரோட்டமின். ஆக முதுகெலும்பிகளில் புரோட்டமின் பல முறை கைவிடப்பட்டிருக்கிறது. உள்கருவுறுதல் உள்ள முதுகெலும்பிகள் பெரும்பாலும் புரோட்டமின் பக்கம் நிற்கின்றன என்ற ஒரு போக்கு மட்டும் தெரிகிறது. நீரில் விந்தை விடுகிற மீனுக்கு விந்தணு சில நிமிடங்கள் தாங்கினால் போதும். உடலுக்குள் நீண்ட நேரம் நீந்த வேண்டியதற்குக் கெட்டியான பொதி உதவலாம். தலையை ஒடுக்கி நீச்சலை எளிதாக்குவது, டிஎன்ஏவைச் சேதத்திலிருந்து காப்பது, தந்தையின் டிஎன்ஏ பொதிமேல் உள்ள பழைய வேதிக் குறிகளைத் துடைப்பது என்று மூன்று காரணம் சொல்வார்கள். ஒன்றுமே தனியாக நின்று எல்லா விலங்குகளையும் விளக்குவதில்லை.

சந்தேகப்பிராணி:

நான்காவது ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான்: சண்டை. பழ ஈயில் ஒரு சுயநல மரபணுக்கூட்டம் இருக்கிறது. தன்னைச் சுமக்கும் ஆணில், ஜோடியான மற்ற குரோமோசோம் குறிப்பிட்ட ஒரு திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏவை வைத்திருந்தால், அந்த விந்தணுக்களைக் கெடுத்துவிடும். அவை எங்கே தோற்கின்றன தெரியுமா? ஹிஸ்டோனிலிருந்து புரோட்டமினுக்கு மாறும் கட்டத்தில்! அதாவது பொதியும் கட்டம் எதிரியை வீழ்த்தத் தோதான இடம்.

2023இல் ஹர்மித் மாலிக் குழு பழ ஈ இனங்களை வரிசையாக ஒப்பிட்டது. விந்தணுப் புரத மரபணுக்கள் சில கிளைகளில் தொலைந்திருக்கின்றன, சில கிளைகளில் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமில் பிரதி பிரதியாகப் பெருகியிருக்கின்றன. எக்ஸ், ஒய் இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றப் பார்க்கும் போர்க்களத்தில் இவை ஆயுதமும் கேடயமுமாக மாறியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இந்தப் பக்கம் இன்னொரு வேடிக்கை: பழ ஈயில் புரோட்டமின் ஏ, பி இரண்டையும் நீக்கினாலும் ஆண் மலடாவதில்லை. முக்கியமில்லாத புரதம், ஆனால் வேகமாக மாறுகிறது. சண்டைதான் காரணம் என்றால் இது புரிகிறது.

ஈரமணல்:

இவ்வளவு இறுக்கிப் பூட்டியதை முட்டை எப்படித் திறக்கிறது?

நுண்ணோக்கி:

முட்டையில் குளூட்டாத்தயோன் நிறைய இருக்கும், அது டைசல்பைடு பாலங்களை உடைக்கும். பிறகு தாய் வைத்திருக்கும் எஸ்ஆர்பிகே1 என்ற நொதி புரோட்டமினின் செரின்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. எதிர்மின்னூட்டம் ஏறியதும் பிடி நழுவும். 2020இல் எலியில் காட்டியது இது. காலியான இடத்தில் தாயின் எச்3.3 ஹிஸ்டோன்கள் வந்து உட்காரும். பொதி தந்தையுடையது, சாவி தாயுடையது. எனவே புரோட்டமின் மாறினால் அதை அவிழ்க்கும் முட்டைப் புரதங்களோடும் ஒத்துப்போக வேண்டும். அந்த எலி லைசின் ஆய்வில் கருவுற்ற பிறகும் கோளாறு தெரிந்ததே, அதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மனித விந்தணுவில் 5 முதல் 15 சதவீதம் வரை ஹிஸ்டோன் தங்குகிறது, எலியில் ஓரிரு சதவீதம். அவை வளர்ச்சி மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் நிற்கின்றனவா, மரபணு இல்லாத பொட்டல்களில் நிற்கின்றனவா என்று 2009இலிருந்து அடிதடி நடக்கிறது. அதற்குத் தனி விவாத இழை போடுங்கள், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

கடற்குதிரை:

போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். இங்கே படித்த பிறகு மனிதனின் புரோட்டமின் 1ஐயும் சேவலின் புரோட்டமினையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். நடுவில் எல்லாம் கந்தரகோளம்தான். ஆனால் இரண்டும் தொடங்குவது அலனின், ஆர்ஜினின், டைரோசின், ஆர்ஜினின் என்றுதான். பையுடைய பாலூட்டிகளிலும் அதே நான்கு. ஐந்தாவது இடத்தில் மனிதனுக்குச் சிஸ்டீன், சேவலுக்கு ஆர்ஜினின். தொகைதான் முக்கியம் என்றால் இந்த நான்கு மட்டும் ஏன் அசையவில்லை?

கிளைமரம்:

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சேவலும் பாலூட்டியும் ஒரே மூதாதைப் புரோட்டமினிலிருந்து வந்தவை என்பதற்கு அந்தத் தொடக்கம் ஒரு சாட்சி. ஏன் அசையவில்லை என்பதற்கு என் ஊகம், அது டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதிக்கு வெளியே, நுனியில் இருக்கிறது, எனவே மின்னூட்டம் தவிர வேறு ஏதோ ஒரு புரதம் அதை அடையாளம் காண்கிறது. சோதிப்பது கடினமில்லை: எலியில் அந்த டைரோசினை மட்டும் மாற்றி, ஆர்ஜினின் தொகையைத் தொடாமல் விட்டு, பொதியும் கட்டத்தையும் முட்டைக்குள் அவிழும் கட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சந்தேகப்பிராணி:

செய்தால் இரண்டாவது கட்டத்தில்தான் கோளாறு தெரியும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன். தங்கிய ஹிஸ்டோன் பற்றிய விவாத இழைக்கு இணைப்புப் போடுங்கள், கடற்குதிரை. அங்கே வருகிறேன்.